குடும்ப விவரத்தில் மூன்றாவது பெயர்

"மாமியார் இருக்காங்களா?"

புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, நெய்வேலிச் சுரங்கத்தில் தொழிலாளர் கணக்கை முடிக்கும் எங்கள் செக்‌ஷனுக்கு வரும் எந்தப் பெண்ணிடமும் நான் கேட்கிற முதல் கேள்வி இதுதான். பெஞ்சில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, ஃபேனைக் கூட்டிவிட்டுக் கேட்பேன். கேட்டதும் முகம் மாறும். "அவங்களுக்கும் இதுக்கும் இன்னாங்க சம்பந்தம்?" என்பார்கள். கிரேன் ஓட்டியவரின் மனைவி ஒருவர், "இருக்குறாங்க, நல்லாவே இருக்குறாங்க. என்னயும் அனுப்பி வெச்சிட்டுத்தான் போவாங்க" என்றார். செக்‌ஷனே சிரித்தது. அந்த அம்மாவும் அழுகையோடு சிரித்துவிட்டார்.

காரணம் இல்லாமல் கேட்கவில்லை. இந்துக் குடும்பத்தில் உயில் எழுதாமல் ஒருவர் இறந்துபோனால் மனைவி, பிள்ளைகள் இவர்களோடு அவரைப் பெற்ற தாய்க்கும் சமபங்கு உண்டு. தாசில்தார் ஆபீசில் வாரிசுச் சான்றிதழுக்கு மனுக் கொடுக்கும்போது ஊரில் இருக்கும் கிழவியின் பெயரை விட்டுவிடுவார்கள். கிராம நிர்வாக அலுவலர் ஊரில் விசாரிப்பார், கிழவி வாசலிலேயே உட்கார்ந்திருப்பாள், மனு திரும்பும். மூன்று மாதம் வீணாகும். அதற்குள் குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் வந்துவிடும்.

இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது. குடும்ப விவரத்தைத் தொழிலாளியே வீட்டிலிருந்து திருத்திக்கொள்கிறான். எங்கள் செக்‌ஷனை வேறொரு பிரிவோடு சேர்த்துவிட்டார்கள். பணி ஓய்வு பெற்றோர் சங்கக் கூட்டத்துக்கு வந்த, இப்போது அந்த வேலை பார்க்கும் இளைய பிள்ளைகள் இரண்டு பேர், "அந்தக் காலத்துல எப்படி சார் பண்ணீங்க, எழுதிக் குடுங்களேன்" என்றார்கள். நன்றாகப் பண்ணிய கதையை எழுதுவது சுலபம். நான் பண்ணிய தப்பை எழுதினால்தான் அவர்களுக்குப் பிரயோஜனம் என்று தோன்றியது.

என் படிப்பு பத்தாவதோடு சரி. திருவதிகையிலிருந்து டவுன்ஷிப்புக்கு பஸ்ஸில் வந்து, கோப்பு தூக்குகிற வேலையில் கான்ட்ராக்டில் சேர்ந்து, ஆறு வருடம் கழித்து பெர்மனென்ட் ஆனேன். சட்டம் என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பழைய கோப்புகளில் பெரிய அதிகாரிகள் எழுதிய குறிப்புகளை, தூக்கிக்கொண்டு போகிற வழியில் படித்தேன். அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். அப்படித்தான் எழுத்தரானேன்.

ரொம்பப் பேருக்குப் புரியாத விஷயம், நாமினி வேறு, வாரிசு வேறு என்பது. ஃபாரத்தில் பெயர் இருந்தால் எல்லாம் நமக்கே என்று நினைத்துவிடுவார்கள். கையில் வாங்குகிற உரிமைதான் நாமினிக்கு. வாங்கியதை வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுக்கவேண்டும். இதை ஒரு அம்மாவுக்கு விளக்கியபோது, "அப்போ நான் தண்ணி லாரி மாதிரி. புடிச்சிக்கினு வந்து ஊத்திட்டுப் போயிடணும்" என்றார். அதற்கப்புறம் எல்லோருக்கும் தண்ணி லாரி என்றே விளக்க ஆரம்பித்தேன். 'புரொபேட்' என்ற வார்த்தையை யாரோ வக்கீல் சொன்னார் என்று ஒருத்தர் நடுங்கிக்கொண்டே வந்தார். சென்னைப் பட்டணத்தில் எழுதின உயில், அங்கே இருக்கிற வீடு வாசல் என்றால் கோர்ட்டில் உயிலை மெய்ப்பித்து வாங்கியாக வேண்டும். நம் பக்கத்து உயிலுக்கு அது கட்டாயமில்லை என்று அந்த நாளின் சட்டத்தைச் சொல்லி அனுப்பினேன். "வக்கீல் இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் ரெண்டு வேள சோறாவது தின்னிருப்பேன்" என்று திட்டிக்கொண்டே போனார். இப்படி நிறைய.

கடைசி ஒன்பது வருடங்கள் எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் தனலட்சுமி மேடம். கொங்கு நாட்டுக்காரர். கோப்பை வாய்விட்டுப் படிப்பார். சத்தமாக இல்லை, பக்கத்தில் நிற்பவனுக்குக் கேட்கிற மாதிரி. நாம் எழுதியதை நம் காதிலேயே விழவைப்பார். "ஏனுங்க ராமலிங்கம், இதுல 'மேற்படியார்'னு எழுதியிருக்கறீங்களே, மேல மூணு பேரு இருக்கறாங்க, யாரச் சொல்றீங்?" என்பார். கோபம் வந்தாலும் குரல் உயராது. உயர்ந்திருந்தால் பரவாயில்லை என்று தோன்றும்.

இன்னொரு பழக்கம் உண்டு அவருக்கு. பதவி உயர்வு, விடுப்பு, இடமாற்றம் எல்லாவற்றுக்கும் உட்கார்ந்துதான் கையெழுத்து. இறந்துபோன தொழிலாளியின் கணக்கை முடிக்கும் கோப்பு என்றால் மட்டும், கடைசிப் பக்கம் வந்ததும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நிற்பார். நின்றபடியே குனிந்து கையெழுத்துப் போடுவார். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

இனி கலியபெருமாள் கதைக்கு வருகிறேன்.

கலியபெருமாள் சுரங்கத்தில் கன்வேயர் பிரிவில் வேலை பார்த்தவன். வளையமாதேவிப் பக்கத்துக்காரன். டவுன்ஷிப்பில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி அவன் குவார்ட்டர்ஸ். என் வயசு. மனைவி அஞ்சலை, ஒரு பையன் மணிவண்ணன். அவனுடைய தம்பி சேகர் ஊரிலேயே இருந்தான். சேகரின் மனைவி பிரசவத்தில் போய்விட்டாள். குழந்தைக்கு இரண்டு வயது ஆவதற்குள் லாரி மோதி சேகரும் போனான். அந்தப் பெண் குழந்தை இளவரசியைக் கலியபெருமாள் குவார்ட்டர்ஸுக்குத் தூக்கிவந்தான். குழந்தைக்கு இதயத்தில் ஓட்டை என்று வந்த பிறகுதான் தெரிந்தது.

டவுன்ஷிப்பில் தொழிலாளியின் குடும்பத்துக்கு மருத்துவப் புத்தகம் என்று ஒன்று உண்டு. அதில் பெயர் இருந்தால் ஆஸ்பத்திரியில் வைத்தியம். முடியாததைச் சென்னைக்கு அனுப்பிச் செய்வார்கள். மனைவி, பிள்ளைகள், பெற்றோர் பெயர்தான் ஏற்றலாம். தம்பி மகளுக்கு இடம் இல்லை. டவுன்ஷிப்பில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அந்தப் புத்தகத்தில் இப்படி ஒட்டிக்கொண்ட பெயர்கள் அங்கங்கே இருந்தன. யாரும் அதைத் திருட்டு என்று நினைக்கவில்லை.

அந்தப் புத்தகத்துக்கு ஆதாரமான குடும்ப விவரப் பதிவேடு அப்போது என்னிடம் இருந்தது. கலியபெருமாள் ரேஷன் கார்டோடு வந்தான். அதில் இளவரசி என்பதற்கு எதிரே 'மகள்' என்று எப்படியோ ஏற்றியிருந்தான்.

"ராமு, இதுலயும் ஏத்திடுடா."

"டேய், எனக்குத் தெரியும்டா யாரு பொண்ணுன்னு."

"தெரிஞ்சதனாலதான் உங்கிட்ட வந்தேன். தெரியாதவனா இருந்தா பொறப்பு சர்டிபிகேட் கேப்பான்."

நான் கேட்கவில்லை. பதிவேட்டில் மனைவி, மகன் இரண்டு பேருக்கும் கீழே மூன்றாவதாக 'க. இளவரசி, மகள்' என்று என் கையால் எழுதினேன். சென்னையில் ஆபரேஷன் நடந்தது. பிள்ளை பிழைத்தாள். எங்கள் தெருவில் ஓடி விளையாடினாள். அவர்களைப் பெரியப்பா, பெரிம்மா என்றுதான் கூப்பிடுவாள். அவளிடம் யாரும் எதையும் மறைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பிறப்புச் சான்றிதழ்படி 'சே. இளவரசி.' எங்கள் பதிவேட்டில் மட்டும் கலியபெருமாள் மகள்.

வருடங்கள் ஓடின. யூனியன் கூட்டம் ஒன்றில் என்னைப் பேசச் சொன்னார்கள். குடும்ப விவரத்தைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள், தப்பான ஒரு பெயர் இருந்தாலும் உங்களுக்குப் பிறகு உங்கள் மனைவிதான் அலையவேண்டும் என்று தண்ணி லாரி உதாரணத்தோடு வெளுத்து வாங்கினேன். நல்ல கைதட்டல். கலியபெருமாள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தான். அவன் கை தட்டவில்லை.

அடுத்த வாரம் ஷிப்ட் முடிந்து நேரே என் மேசைக்கு வந்தான். நாலாக மடித்த ஒரு தாள்.

"நீ சொன்னப்புறம் எனக்கு நெஞ்சு அடிச்சிக்கினே இருக்குதுடா. அவளுக்கும் பதினெட்டு முடிஞ்சி நர்சிங் சேந்துட்டா. அந்தப் பேர எடுத்துடு. எல்லாம் எழுதியிருக்கேன்."

"குடு, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

நடைமுறைப்படி யார் தாள் கொடுத்தாலும் வரவு எண் போட்டு, தேதி முத்திரை குத்தி, மேடம் பார்வைக்கு வைக்கவேண்டும். நான் பிரித்துக்கூடப் படிக்கவில்லை. அவன் உண்மையை எழுதியிருப்பான், உண்மையை எழுதினால் பதிவேட்டை எடுப்பார்கள், எடுத்தால் என் கையெழுத்து இருக்கும். டிராயரைத் திறந்து, அடியில் விரித்திருந்த செய்தித்தாளுக்குக் கீழே வைத்தேன். பூட்டினேன். நல்ல நேரம் பார்த்து வைக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எதிரில் பார்க்கும்போதெல்லாம், "ஆயிடுச்சாடா?" என்பான். "ஆகிக்கிட்டிருக்குது" என்பேன். நாலைந்து தடவைக்குப் பிறகு கேட்பதை விட்டுவிட்டான். என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

இரண்டு வருடம் ஆகியிருக்கும். நான் ஓய்வு பெற பதினோரு மாதம் பாக்கி. முதல் ஷிப்ட் முடிந்து வந்து, சட்டையைக் கழற்றிக்கொண்டே மார்பைப் பிடித்தபடி கலியபெருமாள் விழுந்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது.

காரியம் முடிந்து இருபதாம் நாள் அஞ்சலை செக்‌ஷனுக்கு வந்தார். கூட மணிவண்ணன், இளவரசி. நான் வழக்கம்போல ஆரம்பிக்கப் போனேன்.

"மாமியார் எப்பவோ போயிட்டாங்கண்ணே. உங்களுக்குத் தெரியாததா? நீங்கதானே மால வாங்கினு வந்தீங்க" என்றார் அஞ்சலை.

வெட்கமாகிவிட்டது. வாரிசுச் சான்றிதழுக்கு மனு எழுதிக்கொடுத்தேன். ஊரில் எல்லோருக்கும் எல்லாம் தெரியும். இரண்டு மாதத்தில் சான்றிதழ் வந்தது: மனைவி அஞ்சலை, மகன் மணிவண்ணன். இரண்டே பெயர். சரியான சான்றிதழ்.

எங்கள் குடும்ப விவரத்திலோ மூன்று பெயர்.

கோப்பு மேடம் மேசைக்குப் போனது. அவர் படிக்க ஆரம்பித்தார். நான் ஒரு அடி தள்ளி நின்றேன். "அஞ்சலை, மனைவி. சரி. மணிவண்ணன், மகன். சரி. இளவரசி, மகள்." நிறுத்தினார். சான்றிதழைப் புரட்டினார். மறுபடியும் பதிவேட்டைப் பார்த்தார்.

"இந்தப் பொண்ணு இருக்கறாளுங்களா?"

"இருக்கா மேடம்."

"அப்பறம் ஏனுங்க வாரிசுல வரலை?"

"விசாரிக்கறேன் மேடம்" என்றேன். அவர் சிவப்புப் பென்சிலால் ஓரத்தில் எழுதினார்: 'இளவரசி யார்?'

அந்த இரண்டு வார்த்தையைப் போல வேறெதுவும் என்னை ஆட்டியதில்லை. எட்டு மாதத்தில் என் கணக்கையும் இதே செக்‌ஷன்தான் முடிக்கவேண்டும். விசாரணையில் இருப்பவனுக்கு எதுவும் கையில் வராது, எத்தனை பேருக்கு நானே அந்தக் கடிதத்தை டைப் அடித்திருக்கிறேன்! வராந்தாவில் தெரியாத ஷூ சத்தம் கேட்டாலே விஜிலன்ஸ் ஆட்கள் என்று கை தானாக டிராயர் சாவியைத் தொடும். டீ குடிக்கப் போனால் சாவி இருக்கிறதா என்று பாதி வழியில் திரும்பி வருவேன். வீட்டில் என் மனைவி, "சட்டப் பையில அப்படி இன்னாதான் வெச்சிருக்கீங்க, தடவிக்கினே இருக்கீங்க?" என்று கேட்டாள். தாளைக் கிழித்துப்போடவும் மனசு வரவில்லை. எடுத்து வைக்கவும் தைரியம் வரவில்லை.

பக்கத்து மேசைக்காரர் ஒரு வழி சொன்னார். "இது என்ன பெரிய விஷயம்? அந்தம்மாகிட்ட ஒரு உறுதிமொழிப் பத்திரம் வாங்கிப் போடுங்க. பொண்ணு எங்க பொண்ணு இல்லைன்னு. முடிஞ்சுது." அவருக்கு டிராயரைப் பற்றித் தெரியாது. எனக்குத் தப்பிக்க வழி கிடைத்த மாதிரி இருந்தது. கலியபெருமாள் ஏமாற்றினான், மனைவி இப்போது உண்மையைச் சொல்கிறாள், எழுதியவனை யார் தேடப்போகிறார்கள்?

நோட்டரியிடம் அழைத்துப்போனேன். அவரிடம் தயாராக ஒரு மாதிரி இருந்தது. டைப் அடித்துக் கொடுத்தார். நான் வாசித்துக் காட்டினேன்: 'மேற்படி இளவரசி என்பவர் என் கணவருக்குப் பிறந்தவர் அல்ல என்றும், என் கணவர் உண்மையை மறைத்துப் பெயரைச் சேர்த்துவிட்டார் என்றும், மேற்படியாருக்கும் எங்கள் குடும்பத்துக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என்றும் உறுதி கூறுகிறேன்.'

அஞ்சலை பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"பொறக்கலன்னு போட்டுக்கங்கண்ணே, அது நெசம். அந்தக் கடசி வரிய எடுத்துடுங்க."

"அது எல்லாப் பத்திரத்துலயும் வர்ற வரிம்மா" என்றார் நோட்டரி. "அது இல்லன்னா ஆபீசுல ஒத்துக்க மாட்டாங்க."

மணிவண்ணனுக்குப் பொறுமை போய்விட்டது. அவன் சுரங்கத்தில் கான்ட்ராக்டில் இருந்தான். குவார்ட்டர்ஸ் நோட்டீஸ் வந்தாகிவிட்டது. "யம்மா, ஒரு வரிம்மா. அதப் போட்டா இவ ஓடியா பூடப் போறா? வூட்டுக்குத்தானே வரப் போறா?"

"அண்ணன் சொல்றது சரிதான் பெரிம்மா" என்றாள் இளவரசி. "நர்சிங்ல நாங்க எத்தினியோ ஃபாரத்துல கையெழுத்து போடறோம். போட்டுடு."

"நீ வாய மூடு. பெரியவங்க பேசறப்ப நடுவுல வராத" என்றார் அஞ்சலை. பிறகு என்னைப் பார்த்தார். "அண்ணே, செத்துப்போன மனுசன திருடன்னு எழுதி, நான் குளிப்பாட்டி வளத்த புள்ளய தெருவுல போறவன்னு எழுதிக் குடுத்தாத்தான் குடுப்பாங்கன்னா, எனக்கு அது வாணாம். அவரு எல்லாத்தயும் எழுதி உங்க கையில குடுத்துட்டேன்னு சொன்னாரே, அது இன்னா ஆச்சி?"

நோட்டரி என்னைப் பார்த்தார். மணிவண்ணனும் பார்த்தான். "தேடறேம்மா" என்றேன். நெய்வேலி வெயிலில் அவ்வளவு குளிர்ந்து நான் நின்றதில்லை.

அவர்கள் போன பிறகு ஆபீசுக்கு வந்து, டிராயரைத் திறந்து, செய்தித்தாளைத் தூக்கினேன். தாள் இருந்தது. மடிப்பு பழுப்பேறியிருந்தது. ஒரு புத்தி வந்தது எனக்கு. பழைய வரவுப் பதிவேட்டில், அவன் தாள் கொடுத்த வருடத்து மார்ச் மாதத்தில் இரண்டு வரி இடைவெளி இருந்தது எனக்குத் தெரியும். அங்கே ஒரு எண்ணைப் போட்டு, முத்திரையில் தேதியைப் பின்னால் தள்ளிக் குத்தினால், தாள் ஆபீசில் எங்கோ கோப்பில் சிக்கிக்கொண்டது என்று ஆகிவிடும். என் பெயரே வராது. முத்திரையைக் கையில் எடுத்தேன். தேதிச் சக்கரத்தைப் பின்னால் சுழற்றினேன். எனக்கு முன்னால் அந்த அம்மா பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது கண்ணில் நின்றது. இருக்கிற வீட்டை விட்டுத் துரத்தப்படப் போகிறவர் ஒரு வரிப் பொய்க்குக் கையெழுத்துப் போடவில்லை. நான் குத்தப் பார்க்கிறேன்.

முத்திரையைக் கீழே வைத்துவிட்டு மேடம் அறைக்குப் போனேன்.

"என்னுங்க?"

"இளவரசி யாருன்னு எழுதியிருக்கு மேடம்" என்று தாளை நீட்டினேன்.

அவர் பிரித்து, வழக்கம்போல வாய்விட்டுப் படித்தார். நானும் அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டேன்.

'இளவரசி என் தம்பி சேகரின் மகள். அப்பா அம்மா இல்லாதவள். ஆபரேஷன் செய்ய வழியில்லாமல் என் மகள் என்று புத்தகத்தில் சேர்த்தேன். அது தப்பு. வயது வந்துவிட்டபடியால் பெயரை எடுத்துவிடவும். ஆபரேஷன் செலவைக் கட்டச் சொன்னால் தவணையில் கட்டிவிடுகிறேன். நான்தான் செய்தேன். இதில் வேறு யாருக்கும் சம்பந்தம் இல்லை.'

மேடம் கடைசி வரியை இரண்டாம் தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"கேக்காமயே எழுதியிருக்கறாரே. யாருங்க அந்த வேற யாரோ?"

மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"நான்தாங்க மேடம்."

எல்லாவற்றையும் சொன்னேன். பதிவேட்டில் எழுதியது, டிராயர், செய்தித்தாள், சற்றுமுன் முத்திரையின் சக்கரத்தைச் சுழற்றியதுவரை. முடித்ததும் அவர் தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். பயந்துவிட்டேன், இதை நான் பார்க்கவில்லை என்று சொல்லப்போகிறாரோ என்று.

"வரவு எண் போட்டுக் கொண்டாங்க. இன்னிக்குத்தான வந்துது? இன்னிக்குத் தேதியே போடுங்க. ரெண்டு வருசம் எங்க இருந்துதுன்னு நீங்க தனியா ஒரு காகிதத்துல எழுதிக் குடுங்க. அதுக்கும் எண் போடுங்க."

"மேடம், எனக்கு எட்டு மாசம்தான்..."

"தெரியுமுங்க. எனக்கும் கணக்குத் தெரியும்." கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, "அந்தாளு உங்களக் காப்பாத்தோணும்னு எழுதியிருக்கறாரு. நீங்க அவரக் காப்பாத்தோணும்னு இன்னிக்காச்சும் வந்தீங்களே. போங்க" என்றார்.

கோப்பு மேலிடத்துக்குப் போனது. ஒன்றரை மாதம் ஆனது. அந்த ஒன்றரை மாதத்தில் ஐந்து கிலோ இளைத்தேன் என்று என் மனைவி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். அஞ்சலை வீட்டுக்கும் போய் உண்மையைச் சொன்னேன். மணிவண்ணன் எழுந்து வெளியே போய்விட்டான். அஞ்சலை, "அவரு உங்கள நம்பினாரேண்ணே" என்று ஒரு தடவை சொன்னார். நாலு வீடு தள்ளித்தான் என் வீடு. அன்று அந்தத் தூரத்தை எப்படி நடந்தேன் என்று தெரியாது.

உத்தரவு வந்தது. தொழிலாளி தானாகவே முன்வந்து உண்மையைத் தெரிவித்திருப்பதால், அவர்மேல் குற்றம் எதுவும் பதிய வேண்டாம். பெயரை நீக்கலாம். ஆபரேஷன் செலவைக் கணக்கு முடிக்கும்போது பிடித்துக்கொண்டு, மீதியை வாரிசுகளுக்குக் கொடுக்கலாம். எழுத்தர்மேல் தனியாக நடவடிக்கை.

மூன்று பேரையும் மேடம் தன் அறைக்கே கூப்பிட்டார். நானும் ஓரத்தில் நின்றேன்.

"அந்த ஆபரேசனுக்கு ஆனத இதுல புடிச்சுக்குவாங்கம்மா. ரெண்டு வாரிசும் சம்மதம்னு எழுதிக் குடுக்கோணும்."

"புடிச்சிக்கட்டுங்க" என்றார் அஞ்சலை. "புள்ள இருக்குதுல்ல கண்ணுக்கு எதுக்க."

மணிவண்ணன் இளவரசியைப் பார்த்தான். "ஏ, ஒன்னால எனக்கு வரவேண்டிய பைக்கு போச்சி" என்றான். அவள், "ஊசி போடறதுக்கு வருவியில்ல, அப்ப பாத்துக்கறேன்" என்றாள். அவன் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டான்.

"ரெண்டு சாட்சி வேணுமே" என்றார் மேடம். பக்கத்து மேசைக்காரர் ஒன்று போட்டார். நான் போட முடியாது, என்மேலேயே விசாரணை. மற்றவர்கள் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். "இன்னொருத்தரு? பங்கு வாங்கறவங்க போடக்கூடாது. வாரிசு இல்லாதவங்களா இருக்கோணும்."

மேடம் வாசல் பக்கம் பார்த்தார்.

"நான் போடலாங்களா மேடம்?" என்றாள் இளவரசி. "நான்தான் வாரிசு இல்லியே."

மேடம் அவளை நிமிர்ந்து பார்த்தார். காகிதத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார். அவள் குனிந்து, பெயர், தகப்பனார் பெயர், விலாசம் மூன்றையும் நிதானமாக எழுதினாள். தகப்பனார் பெயர் என்ற இடத்தில் சேகர். விலாசத்தில் அஞ்சலையின் குவார்ட்டர்ஸ் எண். காலி பண்ண இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அந்தக் கோப்பில் அந்தப் பெண்ணைப் பற்றி எழுதப்பட்டவற்றில் திருத்த எதுவும் இல்லாத முதல் வரி அதுதான். எழுதியவள் அவளே.

அஞ்சலை எட்டிப் பார்த்தார். "சரியா எழுதினியாடி?"

"சரியா எழுதிட்டேன் பெரிம்மா."

"அப்ப வா. சாமானக் கட்டணும், ஊருக்கு வண்டி சொல்லணும். ஒன் பொட்டிய நீதான் தூக்கணும், எனக்கு முட்டி வலிக்குது."

மேடம் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார். அவர் எழுந்ததைப் பார்த்து, பேச்சு முடிந்துவிட்டது போலிருக்கிறது என்று அவர்கள் மூன்று பேரும் கும்பிட்டார்கள். அவர் குனிந்து கையெழுத்துப் போட்டார்.

அன்று சாயங்காலமே எனக்கான மெமோ தயாராகிவிட்டது. மேடம் அதை ஒரு தடவை வாய்விட்டுப் படித்தார், நான் கேட்டுக்கொண்டேன். அதில் உட்கார்ந்தபடியேதான் கையெழுத்துப் போட்டார். நகலில் 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதி, அன்றைய தேதியைப் போட்டேன்.